பதிவேடும் மனிதனும்: பிரெஞ்சுக் குடியியற் சட்டக்கோவையும் பால்சாக்கின் நாவல்களும்

1

சட்டத்துக்கும் இலக்கியத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி எமது விமர்சகர்கள் விரிவாகப் பேசியது குறைவு. பேசப்பட்ட சந்தர்ப்பங்களிலும் இரண்டு நிலைப்பாடுகளே பெரும்பாலும் முன்வைக்கப்பட்டுள்ளன. மனிதரின் பகுத்தறிவும் நீதியுணர்வும் காலந்தோறும் முதிர்ந்து வந்ததன் விளைவே சட்டம் என்பது ஒன்று. சட்டம் ஆளும் வர்க்கத்தின் கைக்கருவி, அதற்கு மேல் அதில் ஆராய்வதற்கு எதுவுமில்லை என்பது மற்றையது. முதலாவது, கருத்துமுதல்வாதத்தின் பாற்பட்டது என்பது வெளிப்படை. இரண்டாவது, மார்க்சியத்தின் பெயரால் கூறப்படுவது. ஆயின், சட்டத்தைப் பற்றி மார்க்சும் எங்கெல்சும் எழுதியவற்றோடு அது பொருந்துவதன்று. இவ்விரண்டாவது நிலைப்பாட்டினால் விளையும் தீங்கு இருவகைப்பட்டது. இலக்கிய ஆய்வில், ஒரு படைப்பிற் சட்டம் ஆற்றும் பணியைக் காணாது கடந்துபோக அது வழிசெய்கிறது. அரசியலில், உழைக்கும் மக்கள் போராடிப் பெற்ற உரிமைகளையும் வெறும் ஏமாற்றென ஒதுக்கிவிட இடமளிக்கிறது.

இந்நிலைப்பாடுகளைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பிரான்சு நாட்டின் சட்ட வரலாறு பொருத்தமானதொரு களமாகும். ஒரு சமூகப் புரட்சி பழைய சட்ட முறைமையைத் தகர்த்துப் புதியதொன்றை அங்கு எழுத்தில் வடித்தது. அவ்வாறு எழுதப்பட்டு முப்பது ஆண்டுகள் கழிவதற்குள், இளமையிற் சட்ட அலுவலகங்களில் எழுதுவினைஞராகப் பணிபுரிந்த ஒருவர், அச்சட்டத்தின் கீழ் மனிதர் வாழ்ந்த வாழ்வை நாவல்களாக எழுதத் தொடங்கியிருந்தார். ஒனொரே த பால்சாக் (1799-1850) என்னும் அவ்வெழுத்தாளரின் படைப்புகளிற் சட்டம் கதைப்பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை, கதைப்பின்னலையே அது ஆக்குகிறது என்பதையும், அதன் வழியாகச் சட்டத்தின் உள்முரண்பாடு வெளிப்படுகின்றது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

புரட்சிக்கு முந்திய பிரான்சிற் பிரெஞ்சுச் சட்டம் என ஒன்று இருக்கவில்லை என்றே கூறலாம். தென்பகுதியில் உரோமச் சட்டத்தின் வழிவந்த எழுதப்பட்ட சட்டம் நிலவியது. வடபகுதியில் வழக்காறுகள் ஆட்சி செலுத்தின. ஏறத்தாழ 60 பொது வழக்காறுகளும் 300 வரையிலான உள்ளூர் வழக்காறுகளும் இருந்தன என்பர். வண்டிக் குதிரை மாற்றும் தோறும் பயணி சட்டத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறதென்று வோல்த்தேர் எள்ளியது இந்நிலையையே.

இவ்வழக்காறுகள் நெடுங்காலம் வாய்மொழியாக வழங்கியவை. 1454 ஆம் ஆண்டில் ஏழாம் சார்ள்ஸ் மன்னன் அவற்றை எழுத்தில் வடிக்குமாறு கட்டளையிட்டான். பாரிஸ் நகர வழக்காறு 1510 இல் எழுதப்பெற்று, 1580 இல் திருத்தப்பட்டது. 1539 இல் முதலாம் பிரான்சிஸ் பிறப்பித்த விலேர்-கொத்தரே கட்டளை, நீதிமன்ற ஆவணங்கள் யாவும் பிரெஞ்சு மொழியில் அமைய வேண்டுமென விதித்தது. ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பேணுமாறு பங்குக் குருமாரையும் பணித்தது. மொழி, எழுத்து, பதிவேடு ஆகிய மூன்றும் மத்திய அரசு ஒன்று உருவாகும் நிகழ்வோடு இணைந்தே வளர்ந்தன என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. பதினான்காம் லூயியின் காலத்திற் குடியியல் நடைமுறை (1667), குற்றவியல் நடைமுறை (1670), வணிகம் (1673) ஆகியன பற்றிய கட்டளைகள் நாடு முழுவதற்குமென ஆக்கப்பட்டன. அடிமைகளை அசையும் ஆதனமாகக் கொண்ட 'கறுப்புச் சட்டக்கோவை' 1685 இல் வெளிவந்ததும் இவ்வரிசையிலேயே.

எனினும் அரசு ஒன்றுபட்ட அளவுக்குச் சட்டம் ஒன்றுபடவில்லை. பிரபுவுக்கு ஒரு வாரிசுரிமை, பொதுமகனுக்கு வேறொரு வாரிசுரிமை. பிரபு குடும்பத்து ஆதனத்தின் பெரும்பங்கு பொதுவாக மூத்த மகனைச் சேர்ந்தது. ஒருவர் யார் என்பதைப் பொறுத்தே அவருக்குரிய சட்டம் எது என்பது தீர்மானிக்கப்பட்டது. நீதிபதிப் பதவிகளோ விலைக்கு வாங்கப்படுவன. ஆண்டு வரியொன்றைச் செலுத்திப் பதவியைக் குடும்பத்துக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு 1604 இல் நிலைபெற்றது. வணிகத்தாற் பொருள் ஈட்டிய குடும்பங்கள் இவ்வாறு நிலமானிய அமைப்பின் உள்ளேயே இடம் பிடித்து, காலப்போக்கில் அவ்வமைப்பின் காவலராயின. புதிய வர்க்கம் தோன்றியதும் பழைய சட்டம் தானே உதிர்ந்துவிடும் எனக் கருதுவோர் இவ்வுண்மையைக் கவனித்தல் வேண்டும்.

3

1789 ஓகஸ்ட் 4 ஆம் நாள் இரவு நிலமானியச் சிறப்புரிமைகள் ஒழிக்கப்படும் என தேசிய சபை அறிவித்தது. ஆயினும் நிலமானிய இறைகள் நட்டஈடின்றி முற்றாக நீக்கப்பட்டது 1793 யூலையிலேயே. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் விவசாயிகளின் கிளர்ச்சிகளால் நிறைந்தவை. சபையிற் சட்டமாக எழுதப்பட்டதன் பின்னே கிராமங்களில் நடந்த போராட்டம் இருந்தது.

விலைக்கு வாங்கிய நீதிப் பதவிகள் ஒழிந்தன. 1792 செப்டெம்பர் 20 ஆம் நாள், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவு திருச்சபையின் கையிலிருந்து நகராட்சியின் கைக்கு மாற்றப்பட்டது. மணவிலக்கு உரிமையும் அன்றே வழங்கப்பட்டது. 1794 சனவரியில் ஆக்கப்பட்ட சட்டம் வாரிசுகள் அனைவருக்கும் சம பங்கு எனக் கூறிற்று. ஆனால் இதே புரட்சி, 1791 யூனில் லெ ஷப்பெலியே சட்டத்தின் மூலம், தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி உயர்வு கோருவதையும் தடைசெய்தது. தனிமனிதனுக்கும் அரசுக்கும் இடையில் எந்தச் சங்கமும் இருத்தலாகாது என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். கைவினைக் குழுமங்களின் தளையிலிருந்து உழைப்பாளியை விடுவித்த தத்துவமே அவனை முதலாளியின் முன் தனியனாகவும் நிறுத்தியது.

கம்பசேரே வரைந்த மூன்று நகல்களும் நிறைவேறாது போயின. 1800 இல் நெப்போலியன் நியமித்த துரோன்ஷே, போர்த்தாலிஸ், பிகோ த பிரேயாமெனு, மால்வில் ஆகிய நால்வரும் வடித்த சட்டக்கோவை 1804 மார்ச் 21 இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 2281 உறுப்புரைகள் இருந்தன. 711 முதல் இறுதி வரையுள்ள உறுப்புரைகள் யாவும் ஆதனத்தை ஈட்டும் வழிகளைப் பற்றிய மூன்றாம் நூலுக்கு உரியவை. பணியாளரையும் தொழிலாளரையும் கூலிக்கு அமர்த்துவது பற்றிய பிரிவிலோ இரண்டு உறுப்புரைகளே இருந்தன. அவ்விரண்டில் ஒன்றாகிய 1781 ஆம் உறுப்புரை, கூலியின் அளவு பற்றியும் அது கொடுக்கப்பட்டமை பற்றியும் தகராறு எழின் எசமானின் வாய்ச்சொல்லே நம்பப்படும் என்றது. 213 ஆம் உறுப்புரை, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்றது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்ற அடிப்படையில் எழுந்த கட்டடத்தினுள்ளேயே தொழிலாளிக்கும் பெண்ணுக்கும் தனி வாசல்கள் வைக்கப்பட்டிருந்தன. கோவை வெளியாவதற்கு இரண்டாண்டு முன்னர், 1802 இல், 1794 இல் ஒழிக்கப்பட்டிருந்த அடிமை முறையை நெப்போலியன் குடியேற்ற நாடுகளில் மீளச் செயற்படுத்தினான் என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

இக்கோவையைப் பூர்சுவாச் சமூகத்தின் செவ்வியல் சட்டநூலாக எங்கெல்ஸ் கண்டார். ஆனால் அவர் அதனோடு நிற்கவில்லை. 1890 இல் கொன்ராட் சிமிட் என்பாருக்கு எழுதிய கடிதத்தில், சட்டம் பொருளாதார நிலையைப் பிரதிபலிப்பதோடு தன்னுள் முரண்படாத ஒழுங்காகவும் அமைய வேண்டியிருப்பதால், ஒரு வர்க்கத்தின் ஆதிக்கத்தை அது அப்பட்டமாக வெளியிடுவது அரிது என விளக்கினார். நெப்போலியனின் கோவையிலேயே புரட்சிக்காலப் பூர்சுவாக்களின் தூய உரிமைக் கருத்து பல இடங்களில் நீர்த்துப்போயிருப்பதையும் அவர் சுட்டினார். சட்டம் தன் வாக்குறுதிக்கும் தன் பயனுக்கும் இடையே இழுபடுகின்றது என்பது இதன் பொருள். அந்த இழுபாட்டை வாழ்க்கையாகக் காட்டியவர் பால்சாக்.

4

'கேணல் ஷபேர்' என்னும் குறுநாவல் 1832 இல் முதன்முதல் வெளிவந்தபோது அதற்கு 'இணக்க ஒப்பந்தம்' எனப் பொருள்படும் தலைப்பே இடப்பட்டிருந்தது. தலைப்பே ஒரு சட்டச் சொல் என்பது கவனிக்கத்தக்கது. 1807 இல் நிகழ்ந்த ஐலோ யுத்தத்தில் தலையிற் காயமுற்று, இறந்தோருடன் குழியில் இடப்பட்ட ஓர் அதிகாரி, உயிர் தப்பி, பல ஆண்டுகள் அலைந்த பின் பாரிஸ் திரும்புகிறார். அரச பதிவுகளின்படி அவர் இறந்தவர். மனைவி அவருடைய செல்வத்தைப் பெற்று, கோமகன் ஃபெரோ என்பவரை மணந்து, இரு பிள்ளைகளுக்குத் தாயாகவும் இருக்கிறாள். தாம் உயிருடன் இருப்பதை நிரூபித்துத் தருமாறு ஷபேர் தெர்வில் என்ற இளம் சட்டத்தரணியிடம் வருகிறார்.

கதை ஷபேருடன் தொடங்கவில்லை. தெர்விலின் அலுவலகத்தில் எழுதுவினைஞர்கள் ஒரு மனுவைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் காட்சியுடன் தொடங்குகிறது. புரட்சியின்போது நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களுக்கு, விற்கப்படாதிருந்த அவர்தம் ஆதனங்களை மீள அளிக்கும் பதினெட்டாம் லூயியின் ஆணையை ஆதாரமாகக் காட்டும் மனு அது. பிரபுக்கள் திரும்பி வரலாம். அவர்களது காணிகளும் திரும்பி வரும். பேரரசின் போர்வீரனுக்குத் திரும்பி வர இடமில்லை. மீட்சிக்கால அரசியல் முழுவதையும் எழுதுவினைஞர்களின் கேலிப்பேச்சுக்கும் மைக்கூட்டுக்கும் இடையில் வைத்துக் காட்டிவிடுகிறார் பால்சாக்.

ஷபேர் பெற்றோர் அறியாத அநாதை. அவருடைய பெயரும் பதவியும் செல்வமும் நெப்போலியனின் பேரரசு அளித்தவை. அதாவது பதிவேடுகள் அளித்தவை. அப்பதிவேடே அவரை இறந்தவரென்று கூறும்போது அவருக்கு எதிராக நிற்பது எவரது கொடுமையுமன்று. ஒழுங்காக இயங்கும் ஓர் ஏற்பாடே. இக்கதையில் இலஞ்சம் வாங்கும் நீதிபதி இல்லை. சட்டத்தரணி நேர்மையானவர், தன் கைப்பணத்தையும் முற்பணமாகக் கொடுப்பவர். இவ்வளவு இருந்தும் ஷபேர் தோற்கிறார். உயிருடன் இருப்பதை நிரூபிக்க ஜெர்மனியிலிருந்து ஆவணங்கள் தேவை. ஆவணங்களுக்குப் பணம் தேவை. பணமோ அவர் உயிருடன் இருப்பதாக நிரூபிக்கப்பட்டால் மாத்திரமே கிடைக்கும். தீயோரின் சூழ்ச்சியால் நேரும் அவலத்தைக் காட்டும் கதைகள் பல. சட்டம் சரியாக நடக்கும்போதே நேரும் அவலத்தைக் காட்டியமைதான் இக்கதையின் தனித்துவம்.

தெர்வில் வழக்கைத் தவிர்த்து இணக்கம் ஒன்றை ஏற்படுத்த முயல்கிறார். இங்கு ஒரு மனிதனின் இருப்பு ஆண்டுத் தொகையொன்றுக்குப் பேரம் பேசப்படுகின்றது. சரக்கின் உடைமையாளன் என்ற வடிவிலேயே பூர்சுவாச் சட்டம் மனிதனை அறிகின்றது எனச் சோவியத் சட்ட அறிஞர் பசுக்கானிஸ் 1924 இல் வாதித்தார். பால்சாக் இந்த வாதத்தைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கதையாக்கியிருந்தார் எனலாம். விற்பதற்குத் தன் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லாதவன் தன் பெயரையே சந்தைக்குக் கொண்டுவருகின்றான். மனைவியின் வஞ்சகத்தை நேரிற் கேட்டறிந்த ஷபேர் வெறுப்புற்று எல்லாவற்றையும் துறக்கிறார். 1840 இல் பிசேத்ர் அநாதர் விடுதியில் தெர்வில் அவரைக் காணும்போது, அவர் தம் பெயரை ஏற்க மறுத்துத் தம்மை 164 ஆம் இலக்கம் என்றே கூறிக்கொள்கிறார். பெயரை இழந்தவனுக்கு எஞ்சியதும் ஒரு பதிவேட்டு எண்ணே.

இவ்விடத்தில் விமர்சகர் பலர் அம்மனைவியின் ஒழுக்கத்தைக் கண்டிப்பதோடு அமைந்துவிடுகின்றனர். பால்சாக்கின் உரைநடையும் அத்தகைய வாசிப்புக்கு இடம் தருகின்றது. ஆனால் அவளுடைய நிலையையும் சட்டக்கோவையின் வெளிச்சத்திலேயே பார்த்தல் வேண்டும். கணவனின் அனுமதியின்றி வழக்காடவோ ஆதனத்தைக் கைமாற்றவோ மனைவிக்கு உரிமை இல்லை. கைம்பெண்ணுக்கே அச்சுதந்திரம் இருந்தது. அவள் செல்வத்துக்கு உரியவளானது கணவனின் மரணத்தினாலேயே. அவன் மீண்டும் உயிர்த்தெழின் அவளுடைய சட்ட ஆளுமை மறைந்துவிடும். மணவிலக்கு 1816 இல் ஒழிக்கப்பட்டமையால், உயர் பதவியை நாடும் ஃபெரோவுக்கு அவளிடமிருந்து விடுபட்டு உயர்குலத்தில் மணம் முடிக்க ஒரே வழி, அவர்கள் திருமணம் செல்லாது எனத் தீர்ப்பாவதே. இரு கணவரில் எவரிடமும் அவளுக்குப் பாதுகாப்பு இல்லை. அவள் கொடியவள் என்பது உண்மையாயினும், அக்கொடுமைக்குரிய தருக்கத்தை வகுத்தது சட்டம். இதனைப் பால்சாக் சொல்லவில்லை. ஆனால் அவரது கதைப்பின்னல் காட்டிவிடுகின்றது.

5

சட்டம் கதையை நகர்த்தும் முறைக்கு 'யூஜெனி கிராந்தே' (1833) இன்னும் தெளிவான உதாரணமாகும். சோமூர் நகரத்துப் பீப்பாய் செய்பவரான கிராந்தே, மனைவியின் சீதனப் பணத்தைக் கொண்டு, புரட்சியரசு ஏலத்தில் விற்ற திருச்சபை நிலங்களை வாங்கிச் செல்வரானவர். தன் பொற்காசுகளை ஒன்றுவிட்ட சகோதரனுக்குக் கொடுத்துவிட்ட மகளை அவர் அறையில் அடைத்து வைக்கிறார். தாய் நோய்வாய்ப்படுகிறாள். தாயின் கண்ணீரோ ஊராரின் பேச்சோ அவரை இளக்கவில்லை. இறுதியில் அவரது மனத்தை மாற்றுவது நொத்தாரிசு குருஷோ தரும் விளக்கமே. மனைவி இறப்பின் கணவன் மனைவி பொது ஆதனத்திற் பாதி மகளைச் சேரும். அவள் பங்கீடு கோரின் நிலங்கள் விற்கப்படவும் நேரலாம். உடனே தந்தையின் அன்பு திரும்பிவிடுகிறது. மனைவி இறந்ததும் மகளிடம் உரிமைத் துறப்பிற் கைச்சாத்துப் பெறப்படுகிறது. பாத்திரத்தின் மனமாற்றத்தை உள்ளத்தின் ஆழத்திற் தேடும் உளவியல் விமர்சனம் இங்கு தோல்வியுறும். மனமாற்றத்துக்குக் காரணம் வாரிசுரிமைச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

'விவசாயிகள்' என்ற நாவல் (1844 இல் ஒரு பகுதியும், ஆசிரியரின் மறைவின் பின் 1855 இல் முழுமையாகவும் வெளிவந்தது) இதே பிரச்சினையைக் கிராமத்துக்கு எடுத்துச்செல்கிறது. ஜெனரல் மொங்கோர்னே பர்கண்டியில் வாங்கிய பெருநிலத்திற் கதிர் பொறுக்குவதும் விறகு சேர்ப்பதும் ஏழைகளின் பழைய வழக்காறு. முழுமையான உடைமையுரிமை கொண்ட புதிய சொந்தக்காரருக்கு அது களவு. ஏழ்மைச் சான்றிதழ் உடையோர் மாத்திரமே கதிர் பொறுக்கலாம் என அவர் விதிக்க, மோதல் மூள்கிறது. 1842 இல் இளைஞர் மார்க்ஸ் ரைன்லாந்திற் 'விறகுத் திருட்டு'ச் சட்டத்தைக் கண்டித்து எழுதியதும் இவ்வுரிமை பற்றியே. சட்டம் பயின்ற மார்க்சைப் பொருளாதாரத்தின் பக்கம் திருப்பிய பிரச்சினைகளுள் அதுவும் ஒன்று. 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் இந்நாவலை அவர் பாராட்டிக் குறிப்பிடுவது தற்செயலன்று. நாவலின் முடிவிற் பெருநிலம் துண்டுதுண்டாகின்றது. ஆனால் பயன் விவசாயிக்குப் போகவில்லை. ரிகூ போன்ற வட்டிக்காரரின் பிடிக்குள் அவன் மேலும் ஆழ்கிறான். பால்சாக் எழுத நினைத்தது பிரபுவின் நிலத்தின் அவலம். எழுதி முடித்தது சிறு விவசாயியின் அவலம் என லூக்காச் காட்டியுள்ளார்.

பால்சாக் முடியாட்சிவாதி. 1824 இல் மூத்த மகனின் உரிமையை ஆதரித்துத் துண்டுப்பிரசுரம் எழுதியவர். ஆதனத்தைச் சமமாகப் பங்கிடும் சட்டம் பிரான்சைச் சிதைக்கும் என நம்பியவர். தம் வர்க்க அனுதாபங்களுக்கு மாறாகவே அவர் எழுத நேர்ந்தது என எங்கெல்ஸ் 1888 இற் கூறியது எமது விமர்சனத்தில் மந்திரம்போல் திரும்பத் திரும்பக் கூறப்படுகின்றது. அது எவ்வாறு நேர்ந்தது என்ற கேள்வியோ அரிதாகவே எழுப்பப்படுகிறது. எமது விடை இதுவே: பால்சாக் தம் கதைகளைச் சட்டத்தின் தருக்கத்தின் மீது கட்டினார். மரணசாசனம், திருமண ஒப்பந்தம், கடன் பத்திரம், உரிமைத் துறப்பு என்பன அவரது கதைகளின் மூட்டுகள். ஓர் உறுப்புரையை ஏற்றுக்கொண்டால் அதன் விளைவையும் இறுதிவரை ஏற்க வேண்டும். ஆசிரியரின் விருப்பம் அந்த விளைவை மாற்ற இயலாது. யதார்த்தவாதத்தின் வெற்றி எனக் கூறப்படுவது இங்கு ஒரு மறைபொருளன்று. வடிவத்தின் கட்டுப்பாடே அது. 'பார்மாவின் துறவி மடம்' நாவலை எழுதுகையில், நடையின் பொருட்டுக் காலைதோறும் சட்டக்கோவையிற் சில பக்கங்களைப் படித்ததாக ஸ்தெந்தால் 1840 இற் பால்சாக்குக்கு எழுதினார். ஸ்தெந்தால் கோவையிடமிருந்து வாக்கியத்தைப் பெற்றார். பால்சாக் கதைப்பின்னலைப் பெற்றார்.

6

சட்டக்கோவையின் பிற்கால வரலாறு எமது வாதத்தை உறுதிப்படுத்துகின்றது. வேலைநிறுத்தத் தடை 1864 இல் நீங்கியது. எசமானின் வாய்ச்சொல்லுக்கு முதன்மை தந்த 1781 ஆம் உறுப்புரை 1868 இல் நீக்கப்பட்டது. 1884 இல் தொழிற்சங்க உரிமையும் மணவிலக்கும் சட்டமாயின. மணமான பெண் தன் சம்பளத்தைத் தானே கையாளும் உரிமை 1907 இலும், கீழ்ப்படிதற் கடமையின் நீக்கம் 1938 இலும், கணவனின் அனுமதியின்றித் தொழில் செய்யும் உரிமை 1965 இலும் வந்தன. முதல் உறுதிமொழிக்கும் இறுதித் திருத்தத்துக்கும் இடையே நூற்றுஅறுபது ஆண்டுகள். இவற்றைக் கேட்டோர் கையில் ஏந்திய வாதம் கோவை தானே அளித்த சமத்துவ வாக்குறுதி. வெறும் கருவியாக மட்டும் சட்டம் இருந்திருப்பின் அவ்வாறு அதனை அதற்கெதிராகவே திருப்பியிருக்க முடியாது. வெறும் அறிவின் முதிர்ச்சியாயின் அத்துணை ஆண்டுகளும் அத்துணை போராட்டங்களும் தேவைப்பட்டிரா.

இக்கோவை தமிழ் மக்களையும் தொட்டது. 1819 இல் அது புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சிந்தியப் பகுதிகளிற் பிரகடனம் செய்யப்பட்டபோதும், அங்கு வாழ்ந்தோரின் சாதி, சமய வழக்காறுகள் அவரவர்க்கு உரியனவாக விடப்பட்டன. 1881 செப்டெம்பர் 21 ஆம் நாளைய ஆணை, தம் வழக்காற்று நிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தின் கீழ் வருவதற்கு வழி திறந்தது. துறந்தோர் குடும்பப் பெயரொன்றையும் தெரிந்து பதிவு செய்தனர். சாதியின் சுமையை இறக்கிவைக்க விரும்பியோர்க்கு அது மெய்யான வாசல்; அந்நியப் பேரரசின் பதிவேட்டிற் பெயர் எழுதிக்கொள்வதே அதற்கு விலை. ஷபேர் பெயரைத் துறந்து வெளியேறிய அதே பதிவேட்டினுள் இவர்கள் பெயர் பெற்று நுழைந்தனர். இரண்டையும் ஒருங்கே விளக்க இயலாத கோட்பாடு சட்டத்தை விளக்கியதாகாது.

தொகுத்து நோக்குமிடத்து, பிரெஞ்சுச் சட்டத்தின் வரலாறு, பிறப்பாற் பிரிக்கப்பட்ட மனிதரை ஆதனத்தாற் பிரிக்கப்பட்ட மனிதராக்கிய வரலாறு ஆகும். அம்மாற்றம் ஒரு முன்னேற்றமே. அதனை மறுப்பது வரலாற்றை மறுப்பதாகும். ஆயின் அம்முன்னேற்றத்தின் எல்லை எங்கே உள்ளது என்பதைச் சட்ட நூல்கள் கூறமாட்டா. பிசேத்ர் விடுதியின் 164 ஆம் இலக்கமும், கைச்சாத்திட்டு உரிமை துறந்த யூஜெனியும், சான்றிதழின்றிக் கதிர் பொறுக்கிய ஏழையுமே அதனைக் கூறுகின்றனர். தமிழ் நாவல்களிலும் உறுதி, சீதனம், முதுசம், ஈடு, வழக்கு என்பன நிறைந்துள்ளன. அவற்றைச் சூழல் வருணனையாக மட்டும் கொள்ளாது, கதையை ஆக்கும் விசைகளாக ஆராயும் பணி எமது விமர்சனத்தின் முன் உள்ளது.